நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி டிரைவர் வேலையும் லோடு மார்க்கெட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுசா ஹெவி லைசென்ஸ் எடுத்த பசங்க, வேற வேலைய விட்டுட்டு லாரிக்கு வரலாமான்னு யோசிக்கறவங்க, ஒரு வண்டி வாங்கி ஓட்டலாம்னு நெனைக்கற டிரைவருங்க, இவங்க எல்லாம் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்கள ஒரே எடத்துல போட்டுருக்கேன். நாமக்கல், சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு சுத்துவட்டாரத்த மனசுல வெச்சு எழுதுனது, மத்த ஊருக்காரங்களுக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

நெஜமாவே வேலை இருக்கா, இல்ல சும்மா சொல்றாங்களா?

இருக்குங்க. ஆள் இல்லாம பட்டறை ஓரத்துலயும் பங்க்லயும் நிக்கற வண்டிய நீங்களே பாக்கலாம். ஆனா ஆள் இல்லன்னா யார் வந்தாலும் சாவிய தூக்கி குடுத்துருவாங்கன்னு அர்த்தம் இல்ல. இன்னிக்கு ஒரு புது 12 வீலர் ரோட்டுக்கு வரணும்னா நாப்பது லட்சத்துக்கு மேல ஆயிடுது, மேல ஏத்தற சரக்கு சில சமயம் அதுக்கும் மேல வெல. அத நேத்து லைசென்ஸ் வாங்குனவன்கிட்ட குடுக்க எந்த ஓனருக்கும் தைரியம் வராது. அதனால ஒரு பக்கம் ஓனர் ஆள் கெடைக்கலன்னு பொலம்புறாரு, இன்னொரு பக்கம் புது பையன் வேலை கெடைக்கலன்னு பொலம்புறான், ரெண்டு பேர் சொல்றதும் உண்மதான்.

இதுக்கு நடுவுல அறுந்து போனது கிளீனர் வேலை. முன்னாடி பதினெட்டு வயசுல கிளீனரா ஏறி, தார்பாய் கட்டி, கயிறு இழுத்து, டயர் தட்டிப் பாத்து, ராத்திரி காலி ரோட்டுல அண்ணன் ஸ்டியரிங்க குடுத்து, அப்பறம் லைசென்ஸ் எடுத்து செகண்ட் டிரைவர் ஆகி, அப்படித்தான் ஒரு டிரைவர் உருவாவான். இப்ப கிளீனருக்கு குடுக்கற படி (தெனச்செலவுக் காசு) மிச்சம்னு முக்காவாசி வண்டி ஒத்த டிரைவரோட ஓடுது, கத்துக்கற எடமே இல்லாம போச்சு. பையன படிக்க வெச்ச டிரைவரு அவன லாரிக்கு அனுப்ப மாட்டாரு, அதோட லாரி டிரைவர்னா பொண்ணு குடுக்க யோசிக்கறாங்கங்கற பேச்சும் ஊருக்குள்ள இருக்கு, அதையும் மறைக்க வேண்டியதில்ல.

நாமக்கல் மாதிரி சின்ன ஊர்ல ஏன் இவ்ளோ லாரி?

மேட்டாங்காட்டு பூமி, மழைய நம்பி வெள்ளாமை, அதனால நெலத்த வித்தோ அடமானம் வெச்சோ சொந்தக்காரங்க நாலு பேர் பங்கு போட்டோ வண்டி வாங்குன ஊர் இது. கொல்லுப்பட்டறையும் தச்சுப்பட்டறையும் பாடி கட்டற பட்டறையா மாறுச்சு, சேலம் கரூர் மதுரைய இணைக்கற மெயின் ரோடு (அப்ப என்.எச். 7, இப்ப 44) ஊர் வழியாவே போகுது. டிரைவரா இருந்தவரே ஓனர் ஆறது இங்க ரொம்ப சகஜம், அதனால ஓனர ஏமாத்தறதும் கஷ்டம், அவருக்கு எல்லா கோல்மாலும் தெரியும்.

பக்கத்துல பக்கத்துல ஒவ்வொரு ஊரும் ஒவ்வொண்ணுக்கு பேர் எடுத்துருக்கு. நாமக்கல் பாடி கட்டவும் கேஸ் டேங்கருக்கும், திருச்செங்கோடு போர் போடற ரிக் வண்டிக்கும், கரூர் பஸ் பாடிக்கும், சங்ககிரி லாரி ஓனர்களுக்கும். சங்ககிரி சேலம் மாவட்டத்துல வருது, ஆனா தொழில்ல அப்படி பிரிச்செல்லாம் யாரும் பாக்கறதில்ல.

என்ன லைசென்ஸ் வேணும்? எத்தன வயசு?

டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்ட 20 வயசு முடிஞ்சிருக்கணும், அதுக்கு முன்னாடி கார் லைசென்ஸ் (எல்.எம்.வி) எடுத்து கொறஞ்சது ஒரு வருஷம் ஆயிருக்கணும். அப்பறம்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர் போட முடியும். டிரைவிங் ஸ்கூல்ல பழகுனதுக்கான படிவம் 5, டாக்டர்கிட்ட மெடிக்கல் சர்டிபிகேட் படிவம் 1ஏ ரெண்டும் வேணும். எட்டாவது பாஸ் ஆயிருக்கணும்னு முன்னாடி இருந்த விதிய 2019ல எடுத்துட்டாங்க, அதனால எட்டாவது மார்க் சீட் இல்லன்னு யாராச்சும் தனியா காசு கேட்டா குடுக்காதீங்க.

ஹெவி லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒரு தடவ ரினிவல். கேஸ், பெட்ரோல், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்கு ஓட்டணும்னா அதுக்கு 3 நாள் டிரெய்னிங் போய் லைசென்ஸ்ல தனியா பதியணும், அது 3 வருஷம்தான் செல்லும், ஒவ்வொரு ரினிவலுக்கும் ஒரு நாள் ரெப்ரஷர் கிளாஸ் உண்டு.

சின்ன வண்டி ஓட்டறவங்களுக்கு ஒரு நல்ல சேதி: 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச் சொன்ன தீர்ப்புப்படி, மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டிய சாதா எல்.எம்.வி லைசென்ஸ்லயே ஓட்டலாம். குட்டியானை, தோஸ்த் மாதிரி வண்டியில தொழில ஆரம்பிச்சு பழகறதுக்கு இது நல்ல வழி.

டிரைவிங் ஸ்கூல்ல பழகுனா லாரி ஓட்ட வந்துருமா?

லைசென்ஸ் வரும். காலி வண்டிய கிரவுண்டுல எட்டு போடறதும், 20 டன் இரும்ப ஏத்திக்கிட்டு தொப்பூர் கணவாய்ல எறங்கறதும் வேற வேற விஷயம். தொப்பூர் எறக்கம் தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டா பிரேக் காஞ்சு போய் முன்னாடி நிக்கற வண்டிமேல போய் நிக்கும். எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்குன்னு பழைய டிரைவருங்க சொல்றது சும்மா இல்ல.

நாமக்கல்ல அசோக் லேலண்ட் டிரைவர் டிரெய்னிங் இன்ஸ்டிட்யூட் இருக்கு, அங்க பழகுனவங்களுக்கு ஓனருங்க மத்தில கொஞ்சம் மதிப்பு உண்டு. 2021ல வந்த விதிப்படி அங்கீகாரம் வாங்குன டிரெய்னிங் சென்டர்னா ஹெவி கோர்ஸ் 6 வாரம், 38 மணி நேரம். எங்க பழகுனாலும் அதுக்கப்பறம் ஒரு ஆறு மாசமாச்சும் அனுபவம் உள்ள டிரைவர் கூட செகண்டா போயிருங்க. படி கம்மியா இருக்கும், பரவாயில்ல, அதுக்காக தனியா வண்டி குடுக்கறவன தேடி அலையாதீங்க.

சம்பளம் எவ்ளோங்க? நேரா சொல்லுங்க.

நேரா சொல்ல முடியாதுங்க, ஏன்னா முக்காவாசி எடத்துல மாச சம்பளம்னு ஒண்ணு கெடையாது. மூணு நாலு விதமா கணக்கு போடறாங்க. சில ஓனர் வாடகையில இவ்ளோ சதவீதம்னு குடுப்பாரு, சிலர் ஒரு நடைக்கு (டிரிப்புக்கு) இவ்ளோன்னு பேசுவாரு, டேங்கர்ல பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கு, பெரிய கம்பெனி வண்டியில மாச சம்பளமும் தெனப்படியும். கம்பெனியில பி.எப், இ.எஸ்.ஐ கெடைக்க வாய்ப்பு இருக்கு, தனி ஓனர்கிட்ட அது அபூர்வம், ஆனா தனி ஓனர் பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் குடுப்பாரு, கம்பெனி குடுக்காது.

புதுசா வர்றவங்க பண்றது என்னன்னா ஒரு நடைக்கு எவ்ளோன்னு மட்டும் கேட்டுட்டு ஏறிடறாங்க. கேக்க வேண்டியது மாசத்துக்கு எத்தன நடை வரும்ங்கறது. நடைக்கு நெறைய குடுக்கற வண்டி மாசத்துல ரெண்டு நடைதான் போகுதுன்னா, கம்மியா குடுத்து நாலு நடை போற வண்டிதான் மேல். வண்டி நிக்கற நாள்ல உங்களுக்கு வருமானம் கெடையாது, சாப்பாட்டு செலவு மட்டும் கைய விட்டு போயிக்கிட்டே இருக்கும். அதனால அந்த ஓனருக்கு ரெண்டு பக்கமும் பார்ட்டி (லோடு குடுக்கறவங்க) இருக்கா, போன எடத்துல ரிட்டன் லோடு பிடிக்க அங்க ஆள் இருக்கா, இல்ல டிரைவரே புக்கிங் ஆபீஸ் ஆபீஸா போய் உக்காரணுமா, இத கேளுங்க.

அப்பறம் செலவு யார் தலையில விழுதுன்னு பாருங்க. டயர் வெடிச்சா, கண்ணாடி ஒடஞ்சா, சரக்கு ஷார்ட்டேஜ் வந்தா, போலீஸ் பைன் போட்டா, டீசல் மைலேஜ் கொறஞ்சா, இதெல்லாம் யாரோடது? மைலேஜ் பந்தயம் கட்டற மாதிரி இத்தன கிலோமீட்டர் குடுக்கணும்னு பேசி, கொறஞ்சா படியில கழிக்கற ஓனருங்க இருக்காங்க, மலை ரோட்டுக்கும் சமவெளிக்கும் ஒரே கணக்கு போட்டா டிரைவருக்கு நஷ்டம். நடை முடிஞ்சு கணக்கு பாக்கறப்ப சண்ட வர்றது எல்லாம் மொதல்ல பேசாம விட்டதாலதான். டோல் பாஸ்டேக்ல போயிடுது, ஆனா பார்க்கிங், ஏத்துக்கூலி, எறக்குக்கூலி, தார்பாய் கூலி, பஞ்சர் இதுக்கெல்லாம் துண்டுச்சீட்டு வாங்கி போட்டோ எடுத்து அன்னிக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்ல தட்டி விட்டுருங்க.

லோடு வாடகைய யார் முடிவு பண்றாங்க? தெனமும் மாறுதே?

அன்னிக்கு எத்தன லோடு, எத்தன வண்டி, அவ்ளோதான். லாரி ஓனருங்க சங்கம் ஒரு ரேட் சொல்லும், டீசல் ஏறுனா ஏத்திச் சொல்லும், ஆனா காலைல புக்கிங் ஆபீஸ்ல நாப்பது வண்டி நின்னு பத்து லோடு இருந்தா சங்கம் சொன்ன ரேட்ட யாரும் கண்டுக்க மாட்டாங்க.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது, போற வாடகையும் வர்ற வாடகையும் ஒண்ணு இல்ல. இங்க இருந்து வடக்க போறது சேலம் நாமக்கல் ஜவ்வரிசி, ஸ்டார்ச், பொள்ளாச்சி தேங்காய், கிருஷ்ணகிரி கிரானைட், கரூர் பெட்ஷீட், ஈரோடு மஞ்சள், இப்படி. வர்றப்ப நாசிக் பக்கம் வெங்காயம், மோர்பி டைல்ஸ், கிஷன்கர் மார்பிள், குஜராத் மகாராஷ்டிரா பஞ்சு, கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு. நீங்க போய் எறக்குன எடத்துல வண்டிங்க குவிஞ்சு கெடந்தா ரிட்டன் வாடகை அடிமட்டத்துக்கு வந்துரும், டீசலுக்கு கட்டுனா போதும்னு ஏத்திக்கிட்டு வர வேண்டியதுதான். அதனால ஒரு பக்கம் வாடகைய பாத்து லாபம்னு சொல்றவர நம்பாதீங்க, வீட்டுல இருந்து கெளம்பி வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் சேத்துத்தான் கணக்கு.

நடுவுல புரோக்கர் கமிஷன். சிலர் திட்டுவாங்க, ஆனா தெரியாத ஊர்ல தெரியாத பார்ட்டிகிட்ட பாக்கிய வசூல் பண்ணித் தர்றதும் அவர்தான். பெரும்பாலும் வாடகையில முக்காப்பங்குக்கு மேல அட்வான்ஸா ஏத்தற எடத்துல வாங்கிடணும், மிச்சம் பாக்கி சரக்கு எறக்கி கையெழுத்து போட்ட எல்.ஆர் (லாரி ரசீது) காப்பி போய் சேந்தப்பறம். அந்த காப்பிய தொலச்சா பாக்கி கோவிந்தா. வடக்க அத பில்டின்னு சொல்வாங்க.

எந்த மாசம் நல்லா ஓடும், எப்ப டல்?

மழக்காலத்துல, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் டல். கட்டட வேலை நிக்கும், சிமெண்ட் கம்பி அசையாது. தீபாவளிக்கு முன்னாடி சூடு பிடிக்கும், மார்ச் மாசம் கணக்கு முடிக்கறதுக்காக எல்லா கம்பெனியும் சரக்க தள்ளுவாங்க. தீபாவளி பொங்கல் டைம்ல டிரைவருங்க எல்லாம் வீட்டுக்கு போயிடறதால வண்டி கெடைக்காம வாடகை ஏறும், அப்ப ஓட்டறவனுக்கு நல்ல காசு, ஆனா பொங்கலுக்கு பொங்கல் வீட்டுல இல்லன்னா அந்த காச வெச்சு என்ன பண்றதுன்னு கேக்கற வீட்டுக்காரம்மாவுக்கு பதில் நீங்கதான் சொல்லணும்.

லைன் லாரி, டேங்கர், டிரெய்லர், முட்ட வண்டி, ரிக்: எதுல போறது நல்லது?

முட்ட வண்டி: கேரளா, பெங்களூர் பக்கம் குறுகின தூரம், ராத்திரி ஓட்டம், அடிக்கடி வீட்டுக்கு வரலாம். நேரத்துக்கு போயாகணும், ஒடஞ்சா பேச்சு வாங்கணும். குடும்பஸ்தங்களுக்கு இது தோதுன்னு என் கருத்து.

கேஸ் டேங்கர்: தென் மண்டல எல்.பி.ஜி டேங்கர் ஓனருங்க சங்கமே நாமக்கல்லதான் இருக்கு. மங்களூர், கொச்சி, எண்ணூர் மாதிரி எடத்துல லோடு எடுத்து பாட்டிலிங் பிளாண்ட்டுக்கு கொண்டு போறது. ஆயில் கம்பெனி கான்ட்ராக்ட்ங்கறதால வாடகை பேரம் கெடையாது, தார்பாய் கயிறு வேலை கெடையாது, ரூல் மட்டும் கறார். ஜி.பி.எஸ்ல வண்டி எங்க நின்னாலும் தெரியும், வேகம் தாண்டுனாலும் தெரியும். பிளாண்ட்ல லைன் கெட்டியா இருந்தா ரெண்டு மூணு நாள் வெளிய நிக்கணும். 2025 மார்ச் கடைசியில புது டெண்டர் கண்டிஷனுங்கள எதிர்த்து தென் மாநில டேங்கர் ஓனருங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, செகண்ட் டிரைவர் இல்லன்னா அபராதம்ங்கறதும் அதுல ஒரு பிரச்சன. டிரைவர் பக்கம் நின்னு பாத்தா ரெண்டாவது ஆள் இருக்கறது நல்லதுதான், ஓனர் பக்கம் அதுக்கு ஆள் எங்க கெடைக்குதுங்கறாங்க.

டிரெய்லர்: காத்தாடி (காற்றாலை) எறக்கை, மெஷின், கன்டெய்னர். ரிவர்ஸ் எடுக்கற கை வேணும். தூத்துக்குடி போர்ட் கன்டெய்னர்னா திருப்பூர் கரூர் லோடு உண்டு.

ரிக்: இது டிரைவர் வேலைன்னு சொல்றத விட மாசக்கணக்குல வெளியூர்ல தங்கற வேலை. ராஜஸ்தான்ல இருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் திருச்செங்கோட்டு வண்டி போகுது. கல்யாணம் ஆகாத பசங்க ரெண்டு வருஷம் போய் காசு சேத்துட்டு வர்றது உண்டு.

லைன் லாரி (வெளிமாநிலத்துக்கு லோடு ஓட்டற சாதா லாரி): நாடு சுத்தலாம், இந்தி தானா வரும், வீட்டுக்கு எப்ப வருவோம்னு மட்டும் தெரியாது.

ஓவர்லோடு ஏத்த சொன்னா என்ன பண்றது?

2018 ஜூலைல ஆக்சில் வெயிட்ட (ஒரு அச்சுக்கு எவ்ளோ எடை போகலாம்ங்கற வரம்ப) ஏத்துனாங்க, 6 வீலர் மொத்த எடை 16.2 டன்ல இருந்து 18.5 டன், 10 வீலர் 25ல இருந்து 28.5, 12 வீலர் 31ல இருந்து 36. இது வண்டியும் சேத்து. ஆனா உங்க வண்டி பழசுன்னா ஆர்.சி புக்குல என்ன போட்டுருக்கோ அதுதான் கணக்கு, அத பாத்துக்கங்க. அதுக்கு மேல போனா 2019 செப்டம்பர்ல இருந்து பைன் 20,000 ரூபாய், கூட ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதோட அதிகப்படி சரக்க அங்கயே எறக்கிட்டுத்தான் போகணும். டோல்லயும் எடை மேடை இருக்கு.

வேடிக்க என்னன்னா எடை ஏத்துனா வாடகை கூடும்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க, நடந்தது வேற. அதே சரக்குக்கு கம்மி வண்டி போதும்னு ஆயிடுச்சு, மிச்ச வண்டி எல்லாம் லோடு இல்லாம நின்னுச்சு, டன்னுக்கு வாடகை எறங்குச்சு. ஓவர்லோடும் அதே கததான், ரெண்டு டன் கூட ஏத்தறவன் அடுத்த வண்டிக்காரனோட நடைய சாப்படறான். ஏத்த சொல்ற ஓனர்கிட்ட பைன் உங்களுதுன்னு முன்னாடியே சொல்லிருங்க, டயரும் பிரேக்கும் போறது உங்க உயிர் சமாச்சாரம்ங்கறதால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்றதுதான் சரி.

என்னென்ன பேப்பர் கையில இருக்கணும்?

ஆர்.சி, எப்.சி (பிட்னஸ் சர்டிபிகேட்), இன்சூரன்ஸ், நேஷனல் பெர்மிட், பொகை சர்டிபிகேட், லைசென்ஸ், சரக்கோட பில், எல்.ஆர், இ-வே பில் (சரக்கு கொண்டு போக ஜி.எஸ்.டி இணையதளத்துல போடற சீட்டு). வண்டி பேப்பர் டிஜிலாக்கர்லயும் எம்பரிவாகன் ஆப்லயும் காட்டுனா செல்லும். எப்.சி எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, அப்பறம் வருஷா வருஷம்.

இ-வே பில் பத்தி டிரைவருக்கு தெரிஞ்சிருக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு கணக்கு, வண்டி பிரேக்டவுன் ஆகி நின்னா தேதி முடியறதுக்கு முன்ன பின்ன 8 மணி நேரத்துக்குள்ள நீட்டிக்கணும், அத பார்ட்டிக்கு போன் போட்டு செய்ய சொல்லுங்க. ரெண்டு, வண்டி மாத்தி ஏத்துனா புது வண்டி நம்பர் அதுல ஏறணும். தப்பா இருந்து பிடிச்சா வரியப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், அத கட்டற வரைக்கும் வண்டி அங்கயே நிக்கும், சரக்குக்காரனுக்கு காசு போகுது, உங்களுக்கு நடை போகுது. வேற மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல சரக்குன்னா இது வேணும், தமிழ்நாட்டுக்குள்ளன்னா ஒரு லட்சத்துக்கு மேல.

செக்போஸ்ட்டு, மாமூல் தொல்ல இப்பவும் இருக்கா?

2017 ஜூலைல ஜி.எஸ்.டி வந்தப்ப சேல்ஸ் டாக்ஸ் செக்போஸ்ட்டு போச்சு, அது பெரிய நிம்மதி, பார்டர்ல ஒரு நாள் நின்ன காலம் எல்லாம் உண்டு. ஆர்.டி.ஓ செக்போஸ்ட்டு சில மாநிலத்துல இருக்கு, மத்தியப் பிரதேசம் 2024 ஜூலை 1ல மூடுச்சு. ரோட்டுல கை நீட்டறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, பேப்பர் சுத்தமா இருந்தா பேச்சு கம்மி. கேரளாவுல சும்மா நின்னு பாத்ததுக்கு கேட்ட நோக்குகூலிய 2018 மே 1ல அந்த அரசாங்கமே ஒழிச்சுது, இப்பவும் யாராச்சும் கேட்டா போலீஸ்லயோ லேபர் ஆபீஸ்லயோ புகார் குடுக்கலாம்.

எறக்காம மூணு நாள் நிக்க வெச்சா காசு கெடைக்குமா?

ஹால்டிங் சார்ஜ் பேசுனா உண்டு, பேசலன்னா இல்ல. ஏத்தறப்பவே எல்.ஆர்ல எத்தன மணி நேரம் ப்ரீ, அதுக்கு மேல ஒரு நாளைக்கு எவ்ளோன்னு எழுத சொல்லுங்க, எழுத மாட்டாங்க, வாட்ஸ்அப்லயாச்சும் வாங்கிக்கங்க. கேட்டுக்குள்ள போன டைம் பதிஞ்ச சீட்ட போட்டோ எடுங்க. ஹால்டிங் வந்தா அதுல டிரைவருக்கு எவ்ளோங்கறதையும் ஓனர்கிட்ட மொதல்லயே பேசிக்கணும், ஏன்னா முழுசையும் ஓனரே வெச்சுக்கறது நடக்குது, வெயில்ல நின்னது நீங்க.

ஆப்ல லோடு எடுக்கலாமா?

எடுக்கலாம், பிளாக்பக் மாதிரி ஆப்ங்க வந்து தெரியாத ஊர்ல ரிட்டன் லோடு தேடறது சுலபம் ஆயிருக்கு. ஆனா ஆப்ல இருக்கற எல்லாரும் நேர் பார்ட்டி இல்ல, பாதி பேர் அதே புரோக்கருங்கதான். லோடு கன்பார்ம் பண்ண, கேட் பாஸ் போட, இன்சூரன்ஸ் போடன்னு மொதல்ல உங்ககிட்ட காசு அனுப்ப சொன்னா அது ஏமாத்து வேலை, சந்தேகமே வேண்டாம். லாரிக்காரன் காசு வாங்கிட்டுத்தான் லோடு ஏத்துவான், காசு கட்டி லோடு ஏத்தறது எந்த ஊர்லயும் கெடையாது.

ஆக்சிடெண்ட் ஆனா 10 வருஷம் ஜெயிலா? பயமா இருக்கு.

புது பாரதிய நியாய சன்ஹிதால 106(2)ன்னு ஒரு பிரிவு, ஆள் செத்து போலீசுக்கோ மாஜிஸ்ட்ரேட்டுக்கோ சொல்லாம ஓடிட்டா 10 வருஷம் வரைக்கும்னு வந்துச்சு. 2024 ஜனவரி மொத வாரத்துல வடக்க டிரைவருங்க ஸ்ட்ரைக் பண்ணி பங்க்ல எல்லாம் கூட்டம் நின்னுச்சே அதுக்குத்தான். 2024 ஜூலை 1ல சட்டம் வந்தப்ப அந்த ஒரு உட்பிரிவ மட்டும் அமலுக்கு கொண்டு வராம நிறுத்தி வெச்சுட்டாங்க. அஜாக்கிரதையால சாவுன்னா 106(1)ல 5 வருஷம் வரைக்கும், அது அமல்ல இருக்கு.

நடைமுறையில, அடிபட்டவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், 108க்கு போன் பண்ணுங்க. கூட்டம் கூடி அடிக்க வந்தா அங்க நிக்க சொல்லி எந்த சட்டமும் சொல்லல, நேரா பக்கத்து ஸ்டேஷனுக்கு போய் நின்னுருங்க, ஓனருக்கும் இன்சூரன்சுக்கும் சொல்லிருங்க. போன ஆப் பண்ணிட்டு ஊருக்கு பஸ் ஏறறதுதான் கேச கெடுக்குது. தமிழ்நாட்டுல நடந்தா 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல மொத 48 மணி நேர சிகிச்ச இலவசம், மத்திய அரசும் 2025 மே மாசத்துல இருந்து நாடு முழுக்க ஒன்றரை லட்சம் வரைக்கும் 7 நாளைக்கு காசில்லா சிகிச்சன்னு அறிவிச்சிருக்கு. அடிபட்டது டிரைவரா இருந்தாலும் இதுல வரும்.

டிரைவருக்கு இன்சூரன்ஸ் உண்டா?

வண்டி இன்சூரன்ஸ் காப்பிய வாங்கி டிரைவர், கிளீனருக்கு பிரீமியம் கட்டியிருக்கான்னு பாருங்க, இதுக்கு வெக்கப்பட வேண்டாம். இன்னொண்ணு, வழியில ஆள் ஏத்தாதீங்க, சரக்கு வண்டியில சும்மா ஏத்துன ஆளுக்கு இன்சூரன்ஸ் கெடையாது, அவருக்கு ஏதாச்சும் ஆனா அம்பது நூறு ரூபாய்க்கு ஆசப்பட்டது லட்சக்கணக்குல போய் நிக்கும். தமிழ்நாட்டுல அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குன்னு தனி நல வாரியம் இருக்கு, பதிவு பண்ணி வெச்சா புள்ளைங்க படிப்புக்கு உதவி, விபத்து இழப்பீடு, 60 வயசுக்கு மேல பென்ஷன் எல்லாம் கேக்கலாம், ரினிவல் மட்டும் விட்டுராதீங்க.

ஏசி கேபின் எல்லா வண்டிக்கும் கட்டாயமா?

2025 அக்டோபர் 1க்கு அப்பறம் தயாரிக்கற நடுத்தர, கனரக லாரிக்கு மட்டும். பழைய வண்டிக்கு கட்டாயம் இல்ல. டீசல் போகுதுன்னு ஏசிய போட விடாத ஓனரும் இருப்பாரு, வேலைக்கு சேர்றப்பவே கேட்டுக்கங்க.

நானே ஒரு வண்டி வாங்கி ஓட்டலாமா?

ஒரு கணக்கு போடுவோம். நாமக்கல்ல இருந்து டில்லி 2,400 கிலோமீட்டர்னு வெச்சுக்கங்க, லோடோட லிட்டருக்கு 4 கிலோமீட்டர்னா 600 லிட்டர், லிட்டர் 93 ரூபாய்னு போட்டா 55,800 ரூபாய், போறதுக்கு மட்டும் டீசலே. அதுமேல டோல், யூரியா (பி.எஸ்.6 வண்டிக்கு ஊத்தற ஏட்ப்ளூ), படி, ஆயில் சர்வீஸ், டயர் தேய்மானம். டயர் தேயறது கண்ணுக்கு தெரியாது, பன்னெண்டு டயரும் ஒண்ணா வாய் பொளக்கறப்பத்தான் தெரியும், அதனால ஒவ்வொரு நடையிலயும் அதுக்குன்னு எடுத்து வைக்கணும். இன்சூரன்ஸ், பெர்மிட், டாக்ஸ், எப்.சி எல்லாம் வருஷத்துல மொத்தமா வரும், டியூ மாசா மாசம் வரும், வண்டி நின்னாலும் வரும்.

ஒத்த வண்டி ஓனரே டிரைவரா இருந்தா தாங்கும். டிரைவர் போட்டு ஒத்த வண்டி ஓட்டுறது ரொம்ப சிரமம், அதுலயும் டியூவ நெருக்கமா போட்டுக்கிட்டா ரெண்டு மாசம் டல் அடிச்சா வண்டிய பைனான்ஸ்காரன் யார்டுல போய் பாக்க வேண்டியதுதான். வாங்கறதா இருந்தா மொதல்ல லோடுக்கு ஆள பிடிங்க, மாசம் இத்தன நடை தர்றேன்னு சொல்ற ஒரு பார்ட்டி, அப்பறம் வண்டிய பாருங்க. பழைய வண்டின்னா பைனான்ஸ் என்.ஓ.சி, வேற மாநிலத்துல கேஸ், இ-சலான் பாக்கி எல்லாம் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க, எடுத்த உடனே ஆர்.சி பேர் மாத்திருங்க.

பாடி கட்டறதுன்னா இங்க பட்டறைக்கு பஞ்சம் இல்ல, ஆனா இப்ப கேபின் கம்பெனியிலயே வந்துடறதால பின்னாடி பெட்டிதான் வேலை. எத்தன நாள்ல தருவாங்கன்னு தேதிய எழுதி வாங்குங்க, ஏன்னா பட்டறையில நிக்கற நாளுக்கும் டியூ ஓடுது.

கல்ப் நாட்டுக்கு போனா நெறைய கெடைக்குமா?

கெடைக்கறவங்களுக்கு கெடைக்குது. நம்ம ஊரு ஹெவி லைசென்ஸ வெச்சு அங்க நேரா ஓட்ட முடியாது, அங்க டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணணும், பெயில் ஆனா அந்த செலவு யாரோடதுன்னு ஒப்பந்தத்துல இருக்கா பாருங்க. ஏஜெண்ட் மத்திய அரசோட இமைக்ரேட் இணையதளத்துல பதிவு ஆனவரான்னு பாக்கணும், பதிவு ஆன ஏஜெண்ட் சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டியும்தான் வாங்கலாம். அதுக்கு மேல லட்சக்கணக்குல கேட்டாலோ, விசிட் விசாவுல போ அங்க போய் மாத்திக்கலாம்னு சொன்னாலோ பாஸ்போர்ட்ட திருப்பி வாங்கிட்டு வந்துருங்க. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்ல இ.சி.ஆர் இருக்கும், அவங்களுக்கு அரசாங்கத்தோட எமிக்ரேஷன் கிளியரன்ஸ் இல்லாம கல்ப் நாட்டு வேலைக்கு போக முடியாது, அத ஏர்போர்ட்ல போய் தெரிஞ்சுக்காதீங்க.